உள்ளே இருந்து ஒரு ‘யாரு?’

அன்று பகல் பதினொன்று நாற்பதுக்கு அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு, ‘அவர்களில் யாராவது விளையாட்டு காட்டியிருப்பார்கள்’ என்று ஒருவரும் கிளம்பக் கூடாது.

வாசலை ஒட்டிய மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில், வரவேற்புப் பெண். இடது கை நகங்களுக்குச் சாயம் பூசி முடித்து, வலது கையைத் தொடங்கியிருந்தாள். அன்று அவள் செய்த வேலை அது ஒன்றுதான்.

எதிரே பஞ்சு பிதுங்கிய சோபாவின் இடது மூலையில் கிதார்க்காரன். நான்கு நாளில் அவன் கிதாரை வாசித்து நான் பார்த்ததில்லை. தலைக்கு முட்டுக் கொடுத்துத் தூங்கிப் பார்த்திருக்கிறேன்.

வலது மூலையில் தியானக்காரன். சம்மணம் போட்டு, கண்ணை மூடி, உலகத்தைத் துறந்து உட்கார்ந்திருப்பான். தொடைக்கு அடியில் கைப்பேசி அதிர்ந்தால் ஒரு கண் மட்டும் திறக்கும்.

கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டின் பக்கத்தில், முக்காலியில், துப்புரவு வேலை பார்க்கும் அம்மாள். மடியில் தேநீர்க் குவளை.

காலணி அடுக்குக்கு அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் நான்.

இந்த நான்கு பேருக்கும் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேய்க் கதை எழுதுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. அமாவாசை, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை என்று மூன்று சாமான்களை வைத்துக்கொண்டு காலம் காலமாகக் கடை நடத்துகிறார்கள். இதில் அவை எதுவும் கிடையாது. பட்டப்பகல். வாசனை என்றால் கிதார்க்காரனின் காலுறை வாசனைதான். நான் ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்ப்பவன். வருகிற தாளுக்கெல்லாம் நேரம் போட்டு முத்திரை குத்துவது என் தொழில். ஆகவே கீழே வரும் நேரங்களில் ஒரு நிமிடம்கூடப் பிசகு கிடையாது.

இந்த வயதில், தனியாக, தெரியாத ஒரு பெருநகரத்தின் மலிவு விடுதியில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வீம்பு. அவ்வளவுதான்.

என் மனைவிக்கு ஒரு தம்பி. எங்கள் வீட்டு மாடியில் தன் அம்மாவோடு இருக்கிறான். முதுகில் ஒரு பையோடு பதினோரு நாடு சுற்றியவன் என்பதால் குடும்பத்தில் அவனுக்கு ‘உலகம்’ என்று பெயர். போன இடத்திலெல்லாம் தான் நின்ற படத்தைத்தான் எடுத்து வந்திருக்கிறான். பின்னால் இருப்பது கோபுரமா குப்பைத்தொட்டியா என்பது படத்துக்குப் படம் மாறும். அவன் முகம் மாறாது. ஒரு கல்யாணப் பந்தியில், நாற்பது பேர் காதுபட, அவன் சொன்னான்:

“அத்தானெல்லாம் தனியா வெளிநாடு போக முடியாதுங்க. வீட்லயே தண்ணி குடிக்கணும்னா, சொம்பு எங்கன்னு அக்காவைக் கேட்பாரு.”

பந்தியே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அதுதான் உறுத்தியது. ஐந்தாவது மாதம் நான் விமானம் ஏறினேன்.

கிளம்பும் முன் உலகம் எனக்கு இருபத்து மூன்று ஆலோசனைகள் அனுப்பினான். தாளில் அச்சடித்து, எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, பையில் வைத்துக்கொண்டேன். அவன் எழுதிய தமிழுக்கு அது தேவைப்பட்டது.

அந்த விடுதியை இணையத்தில் ‘பழமை மாறாத சுவர்கள்’ என்று விளம்பரம் செய்திருந்தார்கள். வெள்ளையடித்து வெகுநாளாயிற்று என்று அர்த்தம். தங்கும் அறைகள் தரைக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. ஒரு நீண்ட நடை; அதன் ஒரு முனையில் படிக்கட்டு, நடுவில் எங்கள் அறை, மறுமுனையில் குளியலறை. வழி அந்தப் படிக்கட்டு ஒன்றுதான். விளக்குகள் தாமாகவே எரியும், தாமாகவே அணையும். ஆள் அசைந்தால் வெளிச்சம். நான்கு நிமிடம் அசையாமல் இருந்தால் இருட்டு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யாரோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு. கட்டிலில் புத்தகம் படிக்கிறவன் பக்கத்துக்கு ஒரு தடவை கையை ஆட்ட வேண்டும்.

முதல் மூன்று நாளில் மூன்று விஷயங்களைக் கவனித்தேன். கவனித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

ஒன்று. குளியலறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து, வார் ஒன்றில் ஊக்கு குத்தியிருந்தது. அழுக்குச் சப்பாத்தோடு கட்டிலில் ஏறுகிற அந்தக் கூட்டத்தில், குளியலறைக்குத் தனிச் செருப்பு வைக்க வேண்டும் என்று ஒருவனுக்காவது தோன்றியிருக்கிறதே என்று நினைத்தேன். நானும் அதைப் போட்டுக்கொண்டுதான் குளித்தேன்.

இரண்டு. உள்ளே ஒரு வாளி, ஒரு குவளை. குவளை சுவரில் ஆணியில் தொங்கியது. மேலே ஷவர் என்கிற பூத்தூறல் குழாய் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, மொண்டு ஊற்றிக் குளிக்க ஒரு குவளை. எனக்கு வெகு சௌகரியம். இந்த நாட்டிலேயே அறிவுள்ள பொருள் இந்தக் குவளைதான் என்று மனைவிக்குத் தகவல் அனுப்பினேன்.

மூன்று. நடையில், சுவரோரமாக, பழைய இரும்புப் பெட்டகங்கள் ஆறு. ஒரு காலத்தில் வேலையாட்கள் துணிமணி வைத்தவை. ஐந்தின் பெயர்த் தகடுகள் உதிர்ந்துவிட்டன. இரண்டாவதில் மட்டும் இருந்தது. ஆங்கிலத்தில் ஏழு எழுத்து: என், ஏ, என், டி, எச், ஏ, என். ‘நந்தன் போலிருக்கிறது, நம் ஆள்’ என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் எனக்கு லேசான காய்ச்சல். பேருந்து ஏறாமல் நடந்தே நகரத்தைப் பார்த்துவிடுவது என்று உலகத்துக்குப் போட்டியாக நடந்ததில் இரண்டு குதிகாலும் கொப்புளம். ஆனால் விடுதியின் சட்டம், பதினொன்று முதல் மூன்று வரை கீழே யாரும் இருக்கக் கூடாது. சுத்தம் செய்கிறார்களாம். நான்கு மணி நேரம் தேய்த்தும் அந்த லட்சணம்.

வரவேற்புப் பெண்ணிடம் கேட்டேன். என் உடைந்த இங்கிலீஷையும் அவளுடையதையும் இங்கே தமிழில் தருகிறேன்.

“காய்ச்சல். கொஞ்சம் படுத்துக்கணும்.”

“மூணு மணிக்கு.”

“படுக்கத்தானே கேக்கறேன்.”

“மூணு மணிக்குப் படுத்துக்கலாம்.”

உலகத்தின் பதினான்காவது ஆலோசனை நினைவுக்கு வந்தது. ‘பூட்டுற நேரத்துல நைசா கீழ போய் பாத்ரூம்ல தாழ் போட்டுக்கோங்க அத்தான். க்ளீன் பண்றவங்க எட்டிப் பாத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ரூம் பூரா நமக்குத்தான்.’ அதில் சிவப்பு மை ஆறு இடத்தில்.

பதினொன்று நாற்பத்தாறு. வரவேற்புப் பெண் கண்ணை மூடிக்கொண்டு நகத்தில் ஊதிக்கொண்டிருந்தாள். துப்புரவு அம்மாள் தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து, செருமாமல், படியில் இறங்கினேன். திரும்பிப் பார்த்தேன். நால்வரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

நடை விளக்கு பளிச்சென்று எரிந்தது. குளியலறை வரை நடந்தேன். வாசலில் செருப்பு இல்லை.

கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்.

எரிச்சல் வந்தது. எனக்கு முன்னால் இன்னொரு திருட்டுப் பயல் இதே யுக்தியோடு வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம். பூத்தூறல் சத்தம் இல்லை. மொண்டு மொண்டு ஊற்றுகிற சத்தம். சளப்... நிறுத்தம். சளப்... நிறுத்தம்.

பதினொன்று நாற்பத்தொன்பது. கதவைத் தட்டினேன். இரண்டு தட்டு.

தண்ணீர் நின்றது.

“யாரு?”

“நான்தான்,” என்றேன், எரிச்சலோடு.

“இதோ வந்துட்டேன்.”

“சீக்கிரம்,” என்று சொல்லிவிட்டு, அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து குதிகாலைத் தடவிக்கொண்டிருந்தேன். இதில் என்ன விசேஷம்? வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடப்பது. தட்டுகிறோம். ‘யாரு’ என்கிறார்கள். ‘நான்தான்’ என்கிறோம். உலகத்தில் இதைவிட உதவாத பதில் கிடையாது. யார் என்றால் நான் என்பது. ஆனால் குரலை வைத்துக் கதவு திறந்துவிடும்.

நான்கு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அசையவில்லை போலிருக்கிறது. பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு விளக்கு அணைந்தது.

இருட்டில்தான் புத்தி வேலை செய்தது.

‘யாரு?’

அது தமிழ்.

கையை ஆட்டி விளக்கை எரியவைக்கலாம். கை எழவில்லை. அந்த ஊரில் நான்கு நாளாக நான் கேட்ட ஒரே தமிழ், கைப்பேசியில் என் மனைவி பேசியது. இங்கே தங்கியிருக்கிறவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். இருந்த நாலு பேரும் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். நானே பார்த்தேன்.

பிறகு இன்னொன்று உறைத்தது. நான் பதில் சொல்லியிருக்கிறேன். ‘வந்துட்டேன்’ என்று அவன் சொன்னது... என்னிடம்.

ஓடிவிடலாம் என்று நினைத்தேன். படிக்கட்டுக்குப் போக நடையில் இறங்க வேண்டும். நடையின் அந்த முனையில் குளியலறைக் கதவு.

பன்னிரண்டு ஒன்று. மறுபடி தொடங்கியிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஆணியில் குவளை மாட்டுகிற சத்தம். க்ளிங்.

பன்னிரண்டு மூன்று. தாழ்ப்பாள். க்ளக்.

எங்கள் அறைக் கதவுக்குக் கீழே ஒரு விரல் அகலம் இடைவெளி. அதன் வழியே இதுவரை இருட்டுதான் தெரிந்தது. இப்போது... ஒரு கோடு வெளிச்சம். நடை விளக்கு எரிகிறது. ஆள் அசைந்தால்தான் அது எரியும்.

சளக்... சளக்... சளக்...

ஈரச் செருப்பு. அந்த ஊக்கு குத்திய வார் ஒவ்வொரு அடிக்கும் லேசாகக் கிறீச்சிட்டது. மூன்று நாள் என் காலில் கிறீச்சிட்ட அதே சத்தம்.

சளக்... சளக்...

நின்றது.

வெளிச்சக் கோட்டின் நடுவில் இரண்டு இடத்தில் கறுப்பு.

பன்னிரண்டு ஐந்து.

டொக். டொக்.

இரண்டு தட்டு. நான் தட்டிய மாதிரியே.

மூச்சை அடக்கினேன்.

டொக். டொக்.

கையை அசைக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏனென்றால்... பயத்தில் அல்ல. அந்தக் கேள்வி வாய்க்குள் வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வருடப் பழக்கம். யாராவது கதவைத் தட்டினால் இந்த வாய் கேட்கும்.

டொக். டொக்.

பன்னிரண்டு ஏழு.

கேட்டுவிட்டேன்.

“யாரு...?”

“நான்தான்.”

அது என் குரல்.

காய்ச்சலில் கட்டிய தொண்டை.

அதே எரிச்சல்.

அதே நான்.

விளக்கு அணைந்தது.

*

கண் விழித்தபோது துப்புரவு அம்மாள் துடைப்பக் கட்டையோடு என் மேல் குனிந்திருந்தாள். மணி ஒன்று பத்து. நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் கிடந்தேன். அவளுக்குப் பின்னால் வரவேற்புப் பெண் நின்று, சட்டத்தை மீறியதற்கு அபராதம் உண்டு என்று தகவல் தெரிவித்தாள். செத்துக் கிடந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

எழுந்து நேராகக் குளியலறைக்குப் போனேன். கதவு திறந்து கிடந்தது. தரை காய்ந்து கிடந்தது. வாளி இல்லை, குவளை இல்லை, செருப்பு இல்லை. ஆணி அடித்த ஓட்டைகூடச் சுவரில் இல்லை.

“குவளை எங்கே?”

“எந்தக் குவளை? இங்க ஷவர் மட்டும்தான்,” என்றாள் வரவேற்புப் பெண், மேலே ஏறிக்கொண்டே.

துப்புரவு அம்மாள் மட்டும் போகவில்லை. உள்ளே யாரோ பேசியதாக அவளிடம் சொன்னேன். ‘யார் என்று கேட்டான், நான் பதில் சொன்னேன்’ என்றேன்.

“என்ன பதில் சொன்னே?”

“என் பாஷையில சொன்னேன். நான்தான்னு.”

“இன்னொரு தடவை சொல்லு.”

“நான்தான்.”

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நடையில் நடந்துபோய், இரண்டாவது இரும்புப் பெட்டகத்தின் தகட்டில் விரலை வைத்தாள். நான் நந்தன் என்று படித்த ஏழெழுத்தை அவள் சரியாகப் படித்தாள்.

“நான்தான். அது அவன் பேரு.”

அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள். இருபது வருடத்துக்கு முன் இது விடுதி இல்லை. மேலே உணவகம், கீழே வேலையாட்கள் தங்கினார்கள். பாத்திரம் கழுவ ஒருவன் வந்து சேர்ந்தான். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. அவன் கதவைத் தட்டுவான். உள்ளே இருந்து யார் என்று கேட்பார்கள். அவன் எப்போதும் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வான். அதுதான் பெயர் என்று நினைத்து மேலாளர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார், தகடும் அடித்துக் கொடுத்தார். அவனும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான்.

“ஒரு நாள் பகல்ல குளிக்கப் போனான். வெளிய வரல. சாயங்காலம் கதவை உடைச்சோம்.”

“வீட்டுக்குத் தெரியப்படுத்தலையா?”

“எந்த வீட்டுக்கு? பேரு மட்டும்தானே இருந்துச்சு.”

இருபத்தாறு வருடம் பதிவேடு எழுதுகிறேன். பெயர், தகப்பன் பெயர், விலாசம் மூன்றும் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை. அந்த மேலாளரைப் போன்ற ஒரு குமாஸ்தா என் பிரிவில் இருந்திருந்தால் முதல் நாளே துரத்தியிருப்பேன். ஒரு மனிதனை இருபது வருடம் ஒரு குளியலறையில் நிறுத்திவைத்திருப்பது பேயின் வேலை அல்ல. ஒரு சோம்பேறியின் பேனா.

மூன்று இருபதுக்கு வீட்டுக்குப் பேசினேன். நான் எதையும் சொல்லும் முன் மனைவி தொடங்கிவிட்டாள்.

“ஏங்க, இன்னிக்கு ஒரு கூத்து. யாரோ வாசல்ல தட்டினாங்க. யாருன்னு கேட்டேன். நான்தான்னாங்க. அப்படியே உங்க குரல்.”

“திறந்தியா?”

“நீங்க அங்க இருக்கும்போது எப்படித் திறப்பேன்? அவரு ஊர்ல இல்லைங்கன்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“‘தெரியும்’னு சொல்லிச்சு.”

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவள் சொன்ன நேரத்தை அந்த ஊர்க் கணக்குக்கு மாற்றினேன். பன்னிரண்டு ஒன்பது. என் அறை வாசலில் விளக்கு அணைந்து இரண்டு நிமிடம்.

*

ஊர் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் உலகம் எல்லோர் முன்னாலும், “எத்தனாவது ஐடியா உபயோகப்பட்டுது அத்தான்?” என்று கேட்டான். பதினான்கு என்றேன். சொல்ல வேண்டியதாயிற்று.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“பேயும் நம்மாளா? அதுக்கு விசா யாரு குடுத்தா?”

“சிரிக்காதே தம்பி.”

“தனியா இருக்க பயமா இருந்துச்சுன்னா சொல்லிடுங்க அத்தான். நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம். அதுக்காகப் பாவம், பாத்திரம் கழுவுறவரை எல்லாம் இழுக்கணுமா?”

“அம்மா மேல இருக்காங்க. யாரு தட்டினாலும் திறக்கறவங்க. அதை யோசிச்சுப் பேசு.”

“நானே அங்க போறேன். உங்க ஃப்ரெண்டுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டு வரேன்.”

“வேண்டாம்டா,” என்றாள் என் மனைவி.

“அக்கா, உன் வீட்டுக்காரரை நம்புறியா, என்னை நம்புறியா?”

அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கு வீம்பு ஏறிவிட்டது. எனக்கு ஏறியது ஒரு பந்தியில். அவனுக்கு என் வீட்டுக் கூடத்தில். ஒரே ரத்தமில்லை என்றாலும் ஒரே முட்டாள்தனம்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்விட்டான். விமான நிலையம் போகிற வரை நான் ஒன்பது தடவை பேசியதில், என் எண்ணைத் தடுத்துவைத்துவிட்டான். அவன் அங்கே இருபது நாள் தங்குவதாக ஏற்பாடு. தபால் போய்ச் சேர எட்டு நாள் போதும். செவ்வாய்க்கிழமை மதியம் விடுப்பு எடுத்துக்கொண்டு, கூடத்து மேசையில் உட்கார்ந்து, அந்த விடுதி விலாசத்துக்கு அவனுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். மூன்று முப்பத்தைந்துக்கு இரண்டாவது பக்கம் முடிந்தது.

மனைவி தன் கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். உலகம் ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரு படம் போட்டிருந்தான். வழக்கம்போல அவன் முகம். பின்னால் ஒரு குளியலறைக் கதவு. கதவடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, வாரில் ஊக்கு.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: ‘அத்தானோட பேய்க்கு நான்தான்னு சத்தமா நாலு தடவை சொல்லியாச்சு. பதிலே காணோம். பாவம், லீவு போல.’

படம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

மூன்று நாற்பத்திரண்டு. மாடிக் கதவு தட்டப்பட்டது.

இரண்டு தட்டு.

மாடிப்படி எங்கள் கூடத்து ஜன்னலை ஒட்டித்தான் ஏறுகிறது. ஜன்னல் திறந்திருந்தது. யாரும் ஏறிப் போகவில்லை.

மாமியாரின் குரல் கேட்டது. “யாரு?”

“நான்தாம்மா.”

என் மனைவி முகம் மலர்ந்து, “தம்பி வந்துட்...” என்று தொடங்கினாள். பிறகு தன் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தாள்.

மேலே தாழ்ப்பாள் திறந்தது.

க்ளக்.

ஓடினேன். குதிகால் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. மாடிக் கதவு விரியத் திறந்து கிடந்தது. மாமியார் அடுப்படியில் பால் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க மாப்பிள்ளை. வந்துட்டான் பாருங்க, சொல்லாம கொள்ளாம. நேரா குளிக்கப் போயிட்டான்.”

“முகத்தைப் பார்த்தீங்களா அத்தை?”

“பால் பொங்கிருச்சு. தாழை எடுத்துட்டு ஓடி வந்துட்டேன். பார்த்தாத்தானா? என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா?”

தரையைப் பார்த்தேன். வாசற்படியிலிருந்து குளியலறை வரை ஈரச் செருப்புத் தடம். உள்ளே போகிற தடம் மட்டும்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளே...

சளப்... நிறுத்தம்.

சளப்... நிறுத்தம்.

தட்டுவதற்குக் கையை ஓங்கிவிட்டேன்.

தட்டினால் அது கேட்கும். கேட்டால் இந்த வாய் சொல்லும்.

கையை இறக்கினேன்.

என் மனைவிக்கு மயக்கமாக இருக்கிறது என்று பொய் சொல்லி மாமியாரைக் கீழே அழைத்து வந்தேன். பாதிப் படியில் நின்று, “பாலை மூடி வைக்கலியே, குளிச்சிட்டு வந்து கேட்பானே,” என்றார். மாடிக் கதவை வெளியே பூட்டினேன். பூட்டுவதில் பயன் உண்டா என்று தெரியாது. மனைவி தன் எண்ணிலிருந்து தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

மேசைக்கு வந்து, எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். அது எச்சரிக்கை. இனி அதற்கு வேலை இல்லை. புதிதாக ஒரு பக்கம் எழுதினேன்.

‘தம்பிக்கு. நீ ஊர் திரும்பியதும் மாடிக்குப் போகாதே. முதலில் கீழே வா. கதவைத் தட்டாதே. ஜன்னலருகே நின்று உன் பெயர், உன் அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் சொல். உள்ளே இருந்து எந்தக் குரல் ‘யாரு’ என்று கேட்டாலும், அது அம்மாவின் குரலாகவே இருந்தாலும், அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதே. அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே. நீ ஏற்கெனவே வந்துவிட்டாய் என்று அவர்கள் சொல்கிறார்கள்.’

தேதி போட்டேன். நேரம் போட்டேன்: நான்கு பதினேழு. நகல் ஒன்று எடுத்துக்கொண்டேன். உறையில் போட்டு, பசை தடவி, விளிம்பை நகத்தால் அழுத்தி ஒட்டினேன். மேலே தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

அஞ்சலகத்தில் கடைசி ஆள் நான்தான்... இல்லை. கடைசி ஆளாக நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர், கொட்டாவி விட்டுக்கொண்டே, உறையை எடை போட்டார். அனுப்புநர் விலாசம் இடது மூலையில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் படிக்கிற சிரமம்கூட எடுத்துக்கொள்ளாமல் கேட்டார்.

“அனுப்புறது யாரு?”

உதடு பிரிந்துவிட்டது. முதல் எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

இனிஷியலோடு என் முழுப் பெயரையும் சொன்னேன். அவர் முத்திரையைக் குத்தி, உறையைப் பைக்குள் போட்டார்.